கைக் களிம்பில் இருந்த கோதுமை

என் கையெழுத்து கோணலாக இருக்கும். எழுத்துப் பிழைகளும் நிறைய இருக்கும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டவன் நான். வாசிக்கிறவர்கள் மன்னிக்க வேண்டும். நாலு பேர் கூடினால் பின்னால் போய் நிற்கிற ஆள் என்பதால் இதை எழுதுவதையும் இரண்டு வருடம் தள்ளிப்போட்டேன். ஆனால் என் மனைவி சரோஜாவுக்கு வந்த நோய் இன்னொரு தோட்டத்துக் குடும்பத்திலும் இருப்பதைப் போன மாதம் கிளினிக்கில் கண்டேன். அந்த அம்மாவின் கைப்பையிலும் ஒரு களிம்பு டின் இருந்தது. அவர்களுக்காக எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் கஹவத்தைக்கு மேலே ஒரு றப்பர் தோட்டத்தில் இருக்கிறோம். இரண்டு பேரும் பால் வெட்டுகிறவர்கள். விடிந்ததும் மரத்தைக் கீறிச் சிரட்டை வைப்போம். பத்து மணிக்கு மேல் சிரட்டைகளில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து ஸ்டோருக்குக் கொண்டுபோவோம்.

மகள் பிறந்த அடுத்த வருடம், 1998இல், சரோஜாவுக்கு வயிறு கழிய ஆரம்பித்தது. சாப்பிட்டால் வயிறு மேளம் மாதிரி வீங்கும். வாய்க்குள் புண். நடந்தால் மூச்சு வாங்கும். அதற்குப் பிறகு இரண்டு முறை கரு தங்காமல் போனது. தோட்டத்து டிஸ்பென்சர் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தார். ஆறு மாதம் கழித்துப் போனபோதும் பூச்சி மருந்துதான். பிறகு இரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். ஐந்து வருடம் இப்படியே போனது. அந்த ஐந்து வருடமும் அவள் காலையிலும் மாலையிலும் சாப்பிட்டது கோதுமை மா ரொட்டி. அதுதான் எங்கள் சாப்பாடு. அவளை அரித்துக்கொண்டிருந்ததும் அதுதான். எங்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டியவர்களும் கேட்கவில்லை.

2003இல் அவள் மலையிலேயே, பால் வெட்டுகிற இடத்திலேயே, மயங்கி விழுந்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே நடையில் ஒரு வாங்கில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். போகிற வருகிறவர்கள் எங்களைத் "தோட்டத்து ஆட்கள்" என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டு போனார்கள். எங்களுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். பேசுவோம், சண்டை போடுவோம், பகிடி விடுவோம். வாசிக்க மட்டும் தெரியாது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கேடும் அங்கேதான் இருந்தது.

அந்த வாட்டில் ஒரு இளம் பெண் டொக்டர் இருந்தார். அவர்தான் முதன்முதலாக, "என்ன சாப்பிடுறா?" என்று கேட்டார். இரத்தம் எடுத்து அனுப்பினார். எண்டொஸ்கோபி (வாய் வழியாகக் குழாய் விட்டுக் குடலைப் பார்ப்பது) செய்து, பயொப்சி (சிறு சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) எடுத்தார். சீலியாக் என்று நோயின் பெயரைச் சொன்னார். கோதுமையிலும் பார்லியிலும் குளுட்டன் (மாவை இழுபட வைக்கும் பசைச் சத்து) இருக்கிறது. இந்த நோய் உள்ளவர்களுக்கு அது உள்ளே போனால் சிறுகுடலின் உள்தோல் தேய்ந்துவிடும். பிறகு எதைச் சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. மருந்து கிடையாது. கோதுமையைத் தொடாமல் இருப்பதுதான் மருந்து.

"ஒரு துகள்கூடப் போகக் கூடாது. உதட்டுக்கு ஏதாவது பூசுவியா? லிப்ஸ்டிக் மாதிரி?" என்று டொக்டர் கேட்டார். சில சாயங்களில் கோதுமை எண்ணெய் சேர்ப்பார்களாம்.

சரோஜா, "றப்பர் மரத்துக்கு அழகு காட்டவா மிஸ்?" என்றாள்.

தாதி சிரித்தாள். டொக்டரும் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தக் கேள்வி அதோடு முடிந்துவிட்டது. உதட்டைக் கேட்டவர் கையைக் கேட்கவில்லை.

வீட்டில் மாவையே நிறுத்தினோம். மூன்று வேளையும் சோறு. ரொட்டி சுட்ட தட்டைத் தூக்கிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தோம். இரண்டே மாதத்தில் வாய்ப்புண் ஆறியது. சரோஜாவின் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. ஒரு நாள் ஏற்றத்தில் எனக்கு முன்னால் ஏறிப்போய் நின்று, "என்ன, வயசாயிருச்சா?" என்று என்னைக் கேட்டாள். அவளுக்கு உடம்பு திரும்பிவிட்டது என்றே நம்பினேன்.

றப்பர் பால் கையில் காய்ந்து ஒட்டும். அதை உரித்து உரித்து விரல் வெடிக்கும். அதனால் பால் வெட்டுகிறவர்கள் வேலைக்கு முன்னால் எண்ணெயோ களிம்போ பூசிக்கொள்வார்கள். பூசினால் பால் தோல் மாதிரிச் சுலபமாக உரிந்து வரும். சரோஜாவின் விரல்கள் இரத்தம் கசிகிற அளவுக்கு வெடித்திருந்தன. நான் கஹவத்தையில் பாரூக் நானாவின் கடைக்குப் போய், பச்சை டின்னில் இலைப் படம் போட்ட ஒரு களிம்பைக் கைகாட்டி வாங்கினேன். கேட்கக் கூச்சமாக இருந்தது. அவளுக்கென்று நானாக வாங்கிக் கொடுத்த பொருட்கள் குறைவு. இது அதில் ஒன்று. டின்னில் சிங்களத்திலும் இங்கிலீஷிலும் எழுதியிருந்தது. தமிழில் ஒரு எழுத்து இல்லை.

அவளுக்கு அது பிடித்துப்போனது. காலையில் பூசுவாள். பால் எடுத்து முடித்ததும் காய்ந்த பாலை உரித்துவிட்டு மறுபடியும் பூசுவாள். குளிர் காலத்தில் உதட்டிலும் தடவினாள். டின் முடிந்தால் நான் இன்னொன்று வாங்கி வருவேன்.

கொஞ்ச நாளில் வயிறு மறுபடியும் கழிய ஆரம்பித்தது.

டொக்டரிடம் போனோம். இரத்தம் இறங்கியிருந்தது. "என்ன சாப்பிட்ட?" என்று கேட்டார். "சோறுதான் மிஸ்" என்றாள். அடுத்த கிளினிக்கிலும் அதே கேள்வி, அதே பதில். மூன்றாவது முறை டொக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. இவ களவா ரொட்டி சாப்பிடுறாளா?"

நான் தரையைப் பார்த்தேன்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. பெரிய ஆட்கள் கேட்டால் எனக்கு வாய் வராது. ஆனால் அது மட்டும் காரணம் என்று சொன்னால் பொய். எனக்கும் சந்தேகம் இருந்தது. டொக்டர் பேனாவை எடுத்து கிளினிக் புத்தகத்தில் இங்கிலீஷில் ஒரு வரி எழுதினார்.

அந்த வரி என்னவென்று எங்களுக்குச் சொன்னவர் தோட்டத்து டிஸ்பென்சர். சரோஜா இலேசான வேலை கேட்டு அவரிடம் துண்டுச் சீட்டு வாங்கப் போனபோது, வரிசையில் ஆட்கள் நிற்க, சத்தமாகத் தமிழில் வாசித்தார். "நோயாளி கட்டுப்பாடு காப்பதில்லை. மறைவாகச் சாப்பிடுகிறார்." வாசித்துவிட்டு, "மொதல்ல ஒன் வாயக் கட்டு. அப்புறம் லேசு வேலையப் பத்திப் பேசலாம்" என்றார்.

அன்றிலிருந்து அவளுக்கு ரொட்டிக் களவாணி என்று பெயர் வந்தது. மலையில் சாப்பிட உட்கார்ந்தால், "அடியே, பொட்டிய மூடுங்கடி, சரோஜா வர்றா" என்பார்கள். விளையாட்டாகத்தான் சொன்னார்கள். விளையாட்டாகச் சொல்வதற்கு நாளும் நேரமும் கிடையாது. காலையிலும் சொல்வார்கள், தண்ணீர்க் குழாயடியிலும் சொல்வார்கள்.

நான் செய்ததையும் எழுதுகிறேன். எழுதாவிட்டால் மற்றவர்கள் மீது கோபப்பட எனக்கு என்ன உரிமை? அவளுடைய சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து மோந்து பார்த்தேன். அவள் பேசும்போது வாயருகே முகத்தைக் கொண்டுபோனேன். சாப்பாட்டு நேரத்தில் மரத்துக்குப் பின்னால் நின்று அவள் யாரிடம் கை நீட்டுகிறாள் என்று பார்த்தேன். அவளோடு வேலை செய்த பெண்களிடமே விசாரித்தேன். அவர்கள் அதை அவளிடம் சொல்லாமல் இருப்பார்களா? சொன்னார்கள். அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலே மெலிந்தாள். முப்பத்தொன்பது கிலோவுக்கு வந்தாள். படுத்தால் எழும்ப நான் கைகொடுக்க வேண்டியிருந்தது. இப்படியே போனால் இவள் செத்துவிடுவாள், செத்தாலும் கள்ளி என்ற பெயரோடுதான் போவாள் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் நான் அவளைத்தான் மோந்துகொண்டிருந்தேன்.

2005இல் ஒரு நாள் பால் ஸ்டோரில் நிறுவைக்கு நின்றுகொண்டிருந்தோம். எங்களோடு பக்கத்துச் சிங்களக் கிராமத்திலிருந்தும் பெண்கள் வேலைக்கு வருகிறார்கள். அதில் குசும் அக்கா என்று ஒருவர். சரோஜாவிடம் களிம்பை வாங்கித் தன் கையில் பூசிக்கொண்டே டின்னைத் திருப்பித் திருப்பி வாசித்தார். அந்த வேர், இந்த இலை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, "இவ்வளவும் போட்டா கறியே ஆக்கலாம்" என்று பகிடி விட்டார். பிறகு சிங்களத்தில் சொன்னார்: "மேக்கே திரிங்கு பிட்டி தியெனவா நே!" இதில் கோதுமை மாவும் இருக்கிறதே என்று அர்த்தம்.

என் கையில் இரண்டு வாளிப் பால் இருந்தது. கீழே வைத்தேனா போட்டேனா தெரியவில்லை. "திரும்ப வாசிங்க அக்கா" என்றேன். வாசித்தார். களிம்பு கெட்டியாக இருப்பதற்காகப் போட்டிருக்கிறார்கள். மறைத்து வைக்கவில்லை. டின்னின் முதுகில், நாங்கள் நாள் முழுக்கப் பேசுகிற பாஷையில், யாராவது வாய் திறந்து வாசித்தால் எங்களுக்கு உடனே விளங்கக்கூடிய வார்த்தையில் எழுதியிருந்தது. யாரிடமும் நான் வாசிக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

சரோஜா அழவில்லை. தன் விரல்களைப் பார்த்தாள். வெடிப்புக்குள்ளும் நகக்கண்ணிலும் களிம்பு அப்பியிருந்தது. அந்தக் கையால்தான் மலையில் சோறு பிசைந்து சாப்பிடுவாள். அங்கே கை கழுவ ஒரு போத்தல் தண்ணீர்தான் இருக்கும். அதுவும் குடிக்கிற தண்ணீர். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ரெண்டு வருசமா என்னைய மோந்து பாத்தீங்களே. இத ஒருக்கா மோந்து பாத்திருக்கலாமே."

டின்னை எடுத்துக்கொண்டு கஹவத்தைக்குப் போனேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கடையில் சத்தம் போட்டேன். "நானா, இதுல மா இருக்குன்னு ஏன் சொல்லல?"

பாரூக் நானா பயந்துவிட்டார். "நான் விக்கிறவன் தம்பி. டின்ன வாசிச்சா விக்கிறேன்?" என்றார். கண்ணாடியைப் போட்டு வாசித்ததும் அவர் முகம் மாறியது. "கையில பூசுற சாமானுக்கு மா எதுக்கு வாப்பா?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டார். அன்று மத்தியானம் கடையில் இருந்த பூசுகிற சாமான்களை எல்லாம் எடுத்து எனக்கு வாசித்துக் காட்டினார். பல்பொடியில் இல்லை. உதட்டுக்குத் தடவும் ஒரு களிம்பில் கோதுமை எண்ணெய் இருந்தது. குளிக்கிற பயற்றம் மா பொட்டலத்தில் ஒன்றும் எழுதவில்லை. "இத அரைக்கிற மில்லுலதான் கோதுமையும் அரைக்கிறாங்க. இது வேணாம் தம்பி" என்று அவரே எடுத்து ஒதுக்கினார்.

டின்னில் ஒரு டெலிபோன் நம்பர் இருந்தது. கடையிலிருந்தே பேசினேன். அந்தப் பக்கம் பேசியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பூசுற சாமானைத் தின்னா நாங்க என்ன செய்யிறது?" என்றார். தமிழில் எழுதினால் என்ன என்று கேட்டேன். லைன் துண்டிக்கப்பட்டது.

கிளினிக் நாளன்று டின்னை டொக்டரின் மேசையில் வைத்தேன். அவர் வாசித்தார். தலையை ஆட்டினார். "இது தோலால உள்ள போகாது. உதட்டுல பூசினாத்தான் பயம். அப்படித்தான் புத்தகத்துல இருக்கு."

"இவ உதட்டுலயும் பூசியிருக்கா மிஸ்" என்றேன். பிறகு என் வலது கையை மேசைமேல் வைத்து, சோறு பிசைவதுபோலப் பிசைந்து, வாய்க்குக் கொண்டுபோனேன். "இவ கையால சாப்பிடுறவ. அந்தப் புத்தகம் எழுதினவங்க கரண்டியால சாப்பிடுறவங்களா இருக்கும்."

டொக்டர் என் கையைப் பார்த்தார். அவரும் வீட்டில் கையால்தான் சாப்பிடுவார். அது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். "என்னோட பிழை" என்றார். பெரிய ஆள் ஒருவர் எங்களிடம் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனாலும் எனக்குக் கோபம் இறங்கவில்லை.

"அந்த வரிய வெட்டுங்க மிஸ்."

"வெட்டக் கூடாது. கீழ புதுசா எழுதுறேன்."

"வெட்டுங்க."

அவர் அந்த வரியின் மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் கையெழுத்து வைத்து, கீழே காரணத்தை எழுதினார். ஒரு துண்டில் கோதுமை, பார்லி என்பதற்கு எழுதப்படுகிற பெயர்களை மூன்று பாஷையிலும் எழுதிக் கொடுத்தார். களிம்பு டின்களில் கோதுமைக்கு வேறு ஒரு நீண்ட பெயரும் போடுவார்களாம். டிரிட்டிகம் என்பது. எனக்கு அதை வாசிக்கத் தெரியாது. ஆனால் அந்த எழுத்துகளின் உருவம் தெரியும். துண்டைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பார்ப்பேன். கடைக்காரர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

இதே நோய் உள்ளவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் பயப்பட வேண்டியதில்லை. தோல் வழியாக அது உள்ளே போவதில்லை, கழுவிவிடுகிற சோப்பால் கெடுதல் இல்லை என்றுதான் டொக்டர் சொன்னார். உதட்டுக்கும் பல்லுக்கும் விரலுக்கும் போகிறதைப் பாருங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் வெட்கப்படாமல் கேளுங்கள். வெட்கப்பட்ட நான் என் மனைவியைப் பாதி தின்றுவிட்டேன்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது வெட்டிய பக்கத்தைத் திறந்து சரோஜாவிடம் காட்டினேன். அவள் பார்க்கவில்லை.

"இங்கிலீசுல எழுதினாங்க, இங்கிலீசுல வெட்டினாங்க. எனக்கு எழுதவும் தெரியாது, வெட்டவும் தெரியாது. என்னையக் கள்ளின்னு சொன்னது தமிழுல. நீங்க போய்ப் பெரட்டுல சொல்லுங்க."

பெரட்டு என்பது விடிகாலையில் எல்லாரும் கூடி வேலை பிரிக்கிற இடம். இருநூறு பேர் நிற்பார்கள். அங்கே என் பெயரைக் கூப்பிட்டால்கூட நான் கையைத்தான் தூக்குவேன். நான்கு நாள் சொல்லாமல் வந்தேன். நான்கு நாளும் அவள் எனக்குச் சோறு போட்டு வைத்துவிட்டு எழுந்து போனாள். ஐந்தாம் நாள் கங்காணி பெயர் வாசித்து முடித்ததும் முன்னால் போய் நின்றேன்.

"என்னடா?" என்றார் கங்காணி.

"சரோஜா ரொட்டி திங்கல. ஒரு நாளும் திங்கல. நான் வாங்கிக் குடுத்த கைக் களிம்புல மா இருந்துச்சு. டொக்டர் கேட்டப்ப நான் வாய மூடிக்கிட்டு நின்னேன். பிழை என்னுது" என்றேன்.

"அட, இவனுக்குப் பேச்சு வருமா!" என்று ஒருவன் சொன்னான். சிலர் சிரித்தார்கள். பெட்டியை மூடச் சொல்கிற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தன் வாசலில் நின்றுகொண்டிருந்த டிஸ்பென்சர் உள்ளே போய்விட்டார். "சரி சரி, மழ வரப் போவுது, மலைக்கு ஏறுங்க" என்று கங்காணி கலைத்துவிட்டார்.

சரோஜா கத்தியை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். முதல் மரத்துக்கு வந்ததும் திரும்பாமலே சொன்னாள்.

"பின் வரிசைக்குக் கேக்கல."

மறுநாளும் சொன்னேன். பின் வரிசைக்குக் கேட்டது.

களிம்பை நிறுத்தி வெறும் தேங்காய் எண்ணெய் பூச ஆரம்பித்தாள். வயிறு மூன்று வாரத்தில் நின்றது. இரத்தம் ஏற எட்டு மாதம் ஆனது. இப்போது நாற்பத்தெட்டு கிலோ. குடல் முழுக்க ஆற இன்னும் காலம் எடுக்கும் என்கிறார் டொக்டர். போன குழந்தைகள் போனதுதான். அந்த டின் இன்னும் கடைகளில் இருக்கிறது. இன்னும் தமிழில் ஒரு எழுத்து இல்லை.

முன்பு எங்களுக்கு நேரம் என்றால் பெரட்டு, பால் எடுக்கும் சங்கு, சம்பள நாள். இப்போது எனக்கு அவள் உடம்புதான் மணிக்கூடு. வீட்டுக்குள் புதிதாக ஒரு பொருள் வந்தால், அதற்குப் பிறகு வரும் மூன்று நாளை, அவள் வயிறு கழிகிறதா என்று பார்த்தபடி, நான் தனியாக எண்ணுகிறேன். மூன்றாம் நாள் சாயங்காலம் வரை எனக்கு அது ஒரே நாள்தான். சோறு பிசையும்போது அவள் கையை நான் பார்க்கிறேன். வேண்டாம் என்று நினைத்தாலும் கண் அங்கேதான் போகிறது. பார்ப்பது அவளுக்கும் தெரியும். சில நாள் விரல்களை விரித்து என் பக்கம் காட்டிவிட்டுச் சாப்பிடுகிறாள். சில நாள் முதுகைத் திருப்பிக்கொண்டு சாப்பிடுகிறாள். முதுகைத் திருப்பும் நாட்களில் நான் ஒன்றும் கேட்பதில்லை.

2007 ஓகஸ்ட் 19, ஞாயிற்றுக்கிழமை.